சிங்களத் திரையின் முதற் கதாநாயகி

பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை முதலிய ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களிலே மாசித் திங்களிற் காமன் கூத்து ஆடப்படுதல் நெடுங்கால வழக்கம். அக்கூத்தில் இரதி வேடத்தை ஆடவரே புனைந்துவந்தனர். பெண்கள் கண்டு களித்தனரேயன்றி ஆடுகளத்தில் இறங்கினாரல்லர். அதே மலைநாட்டில், ஊவாவின் எல்லைக்கு அப்பால், நுவரெலியா மாவட்டத்து இறம்பொடையில் 1923ஆம் ஆண்டு பிறந்த பெண்ணொருவர் சிங்களத் திரையின் முதற் கதாநாயகியானார். அவரே ருக்மணி தேவி.

டெய்சி இராசம்மா தானியேல் என்பது அவர்தம் இயற்பெயர். அவர் குடும்பம் கொழும்புச் செட்டி மரபினரான கிறித்தவக் குடும்பம். வெள்ளவத்தையிற் கல்வி பயின்ற அவர், இளமையிலேயே சிங்கள இராமாயண நாடகத்தில் நடித்துப் புகழெய்தினார். 1939இல் எச். டபிள்யூ. ரூபசிங்கவுடன் பாடிய இசைத்தட்டு அவர் குரலை நாடறியச் செய்தது. பின்னர் பி. ஏ. டபிள்யூ. ஜயமான்னவின் மினர்வா நாடகக் குழுவிற் சேர்ந்து, அவர்தம் தம்பியும் நகைச்சுவை நடிகருமாகிய எடி ஜயமான்னவை மணந்தார்.

அக்குழுவின் நாடகமாகிய 'கடவுணு பொறொந்துவ' முதற் சிங்களப் பேசும் படமாக 1947 சனவரி 21இல் வெளிவந்தது. அதனைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். படம்பிடித்த இடம் மதுரை. இவ்வகைப் படங்கள் தென்னிந்தியப் படங்களின் சாயலை மிகுதியும் பின்பற்றின என்னும் குறை நியாயமானதே. 1956இல் வெளிவந்த 'ரேகாவ' வேறு வழி காட்டிற்று. ஆயினும், சிங்களத் திரைக்கலையின் அடித்தளத்திலே தமிழரின் உழைப்பும் உண்டென்பதை மறுத்தலாகாது.

இங்கே ஒரு முரண்பாடு நோக்கற்பாலது. அப்படம் வெளிவந்த மறு ஆண்டிலேயே, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வமிசாவழித் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. இராசம்மாவை ருக்மணி தேவியாகப் போற்றிய நாடு, ஊவாவிற் கொழுந்து பறித்த இராசம்மாக்களைத் தன் மக்களென ஏற்க மறுத்தது. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறிற்று. கலையரங்கு காட்டிய பரிவைச் சட்டமன்றம் காட்ட அரை நூற்றாண்டிற்கு மேல் ஆயிற்று.

மாத்தறையிற் கலைநிகழ்ச்சியொன்றை முடித்துத் திரும்புகையில், 1978 அக்டோபர் 28இல், சா-எலவிற்கு அண்மையில் நேர்ந்த வாகன விபத்தில் ருக்மணி தேவி உயிர்நீத்தார். அவர் வரலாற்றைக் கற்கும் மலைநாட்டு மாணவர், ஆடுகளத்திற்கு வெளியே நின்ற தம் பாட்டிமாரையும் உடன் நினைத்தல் கடன்.