எலிக்கும் குளிரும்

சித்திரை வெயிலில் கோரிப்பாளையத்தைக் கடந்து பெட் ஸ்கேன் எடுக்கப் போகிறவருக்குச் சொல்லப்படுபவை பெரும்பாலும் இரண்டு: ஆறு மணி நேரம் சாப்பிடக் கூடாது, ஊசி போட்டபின் போர்த்திக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். பட்டினி புரிகிறது, மதுரைக்காரருக்குப் போர்வை எதற்கு? இந்த வழக்கத்தின் வரலாற்றைப் பார்த்தால், படத்தின் தரத்தைக் கருவியின் விலையைவிட உடலின் நிலையே அதிகம் தீர்மானித்திருக்கிறது என்று தோன்றுகிறது.

அந்த ஊசியில் இருக்கும் எஃப்.டி.ஜி. என்ற கதிரியக்கச் சர்க்கரை, புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் தயாராகி, 1976 ஆகஸ்டில் பிலடெல்பியாவில் முதன்முதலாக மனித உடலில் செலுத்தப்பட்டது. அதிலுள்ள ஃப்ளூரின்-18 ஏறத்தாழ 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். இது சாதாரணச் சர்க்கரை போலச் செல்லுக்குள் நுழையும், ஆனால் முழுதாக எரியாமல் அங்கேயே தங்கிப் படத்தில் ஒளியாகத் தெரியும். அன்று பார்த்தது மூளையை. பிறகு புற்றுக்கட்டியைத் தேடியபோதுதான் சிக்கல் வந்தது. சாப்பிட்டவருக்கு இன்சுலின் சர்க்கரையைத் தசைக்கும் இதயத்துக்கும் தள்ளிவிடும். ரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை மிகுந்திருந்தால் எஃப்.டி.ஜி.க்குப் போட்டி கூடும். கழுத்திலும் தோளிலும் தெரிந்த ஒளியைத் தசை இறுக்கம் என்று நினைத்து 1990-களில் டயசிபாம் கொடுத்துப் பார்த்தார்கள். பெட்டும் சி.டி.யும் இணைந்த கருவி வந்தபின், அதில் பெரும்பங்கு குளிருக்கு வெப்பம் உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பு என்று தெரிந்தது. பெரியவர்களுக்கு அது அநேகமாக இல்லை என்றே அதுவரை கருதப்பட்டிருந்தது! மும்பையில் இந்தியாவின் முதல் பெட் கருவி இயங்கத் தொடங்கிய 2002-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் இந்தத் தெளிவு வந்தது.

ஆய்வுக்காக இதே பெட் படம் எடுக்கப்படும் சுண்டெலியிடம் இந்தக் கோளாறு பலமடங்கு பெரிது. சின்ன உடம்பு வெப்பத்தைச் சீக்கிரம் இழக்கும். அதற்கு இதமான வெப்பநிலை ஏறத்தாழ 30 பாகை. விலங்குக்கூடமோ கோட்டு போட்ட மனிதருக்கு இதமான குளிரில் இருக்கும். 2006-இல் லாஸ் ஏஞ்சலஸின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகக் குழு, எலியைப் பட்டினி போட்டு, சூடாக வைத்துப் பார்த்தபோது, கட்டிக்கும் பிற உறுப்புகளுக்கும் இடையிலான ஒளி விகிதம் 17 மடங்குவரை உயர்ந்தது. கருவி அதேதான். மயக்க மருந்தும் படத்தை மாற்றியது: கீட்டமினும் சைலசினும் சேர்ந்தால் ரத்தச் சர்க்கரை எகிறும், ஐசோஃப்ளூரேனில் அந்த ஏற்றம் குறைவு. ‘மதுரையில்தான் குளிரே இல்லையே’ என்பவர் ஊரின் வெயிலை அறைக்குள்ளும் நினைத்துக்கொள்கிறார். ஏ.சி. ஓடும் இடத்தில் தட்பவெப்பத்தை நிர்ணயிப்பது ஊரல்ல, சுவரில் இருக்கும் பொத்தான். இந்திய விலங்குக்கூட நெறிமுறை அனுமதிப்பது 18 முதல் 29 பாகை. விதி மீறாமலே எலியை நடுங்க வைக்கலாம்.

மருந்துச் சோதனையில் மருந்து பெற்ற எலி, பெறாத எலி எல்லாவற்றையும் ஒரே மாதிரி நடத்தினால் பிழை இரு பக்கமும் கழிந்துவிடாதா என்று கேட்கலாம். மருந்து பசியைத் தொடாத வரையில் அது ஓரளவு சரி. புற்றுநோய் மருந்துகள் பல பசியை அடக்குகின்றன. மருந்து பெற்ற எலி குறைவாகத் தின்றிருந்தால் அதன் ரத்தச் சர்க்கரையும் இன்சுலினும் வேறு. அங்கே காணும் மாற்றம் கட்டியுடையதா வயிற்றுடையதா என்று படம் சொல்லாது. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: எலி பெரும்பாலும் இரவில்தான் மேயும், ஆகவே இராப்பட்டினி அதற்கு நம் ஒருவேளைப் பட்டினி அல்ல, எடையே குறைந்துவிடும். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சில மணி நேரப் பகல் பட்டினியும் முப்பது பாகைச் சூடும் போதுமான ஆய்வுகளில் இராப்பட்டினிக்குக் காரணம் கேட்கலாம். எதைச் செய்தாலும், கருவியின் பெயரோடு கூண்டின் வெப்பநிலையையும் கடைசியாகத் தின்ற நேரத்தையும் ஊசிக்கு முந்தைய ரத்தச் சர்க்கரையையும் அறிக்கையில் எழுத வேண்டும்.