நம்பாதவர் தந்த சான்று

அறிவியல் வரலாறு பெரும்பாலும் ஒரே வார்ப்பில்தான் நமக்குச் சொல்லப்படுகிறது. ஒரு மேதை புதிதாக ஒன்றைச் சொல்கிறார், உலகம் நகைக்கிறது, பின்னர் ஒரு சோதனை அவரை மெய்ப்பிக்கிறது, உலகம் தலைவணங்குகிறது. ஒளிமின் விளைவின் கதையும் பாடநூல்களில் இப்படித்தான் இருக்கிறது. ஒளி ஆற்றல்துளிகளாக வருகிறது என்று 1905ல் ஐன்ஸ்டைன் சொன்னார். 1916ல் மில்லிகன் அதை நிரூபித்தார். இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

இந்தச் சுருக்கத்தில் ஆண்டுகள் சரியானவை. ‘நிரூபித்தார்’ என்ற சொல்தான் இடறுகிறது. ஐன்ஸ்டைனின் சமன்பாடு சோதனையோடு மிகத் துல்லியமாகப் பொருந்துகிறது என்று அறிவித்த அதே கட்டுரையில், அச்சமன்பாடு பிறந்த கருத்து ஏற்கத்தக்கதே அல்ல என்றும் மில்லிகன் எழுதினார். ஐன்ஸ்டைனே அதைக் கைவிட்டுவிட்டார் என்று தாம் நம்புவதாகவும் சேர்த்துக்கொண்டார். (ஐன்ஸ்டைன் கைவிட்டிருக்கவில்லை.) தான் நம்பாத ஒன்றுக்கு இத்தனை உறுதியான சான்றை ஒருவர் ஏன் தேடித் தந்தார்? எனக்கு இந்த வரலாற்றின் மையம் இக்கேள்விதான்.

கதையின் தொடக்கமே ஒரு முரண். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ், ஒளி ஒரு மின்காந்த அலை என்ற மாக்ஸ்வெல்லின் கோட்பாட்டைச் சோதனையால் நிலைநாட்டும் பணியில் இருந்தார். ஓரிடத்தில் மின்பொறி எழுப்பினால், சற்றுத் தள்ளி வைத்திருக்கும் கம்பி வளையத்தின் இடைவெளியில் மிகச் சிறிய பொறி ஒன்று தோன்றும். இடையில் அலை பயணம் செய்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. அந்தச் சின்னப் பொறியை நன்றாகப் பார்ப்பதற்காக ஹெர்ட்ஸ் வளையத்தை இருட்டுப் பெட்டிக்குள் வைத்தார். பொறி மேலும் சிறுத்துவிட்டது. கண்ணாடியைக் குறுக்கே வைத்தாலும் சிறுத்தது. புற ஊதாக் கதிரை விடக்கூடிய குவார்ட்ஸை வைத்தபோது சிறுக்கவில்லை. முதற்பொறியிலிருந்து வரும் புற ஊதா ஒளி உலோகத்தின் மேல் படும்போது இரண்டாவது பொறி எளிதில் எழுகிறது என்று அவர் கண்டுகொண்டார். 1887ல் அதைப் பதிவு செய்தார். விளக்கம் எதையும் முன்வைக்காமல் தன் முதன்மைப் பணிக்குத் திரும்பினார். ஒளி அலையே என்பதை ஐயமற நிறுவிய சோதனைக்கருவிக்குள்ளேயே அக்கருத்தின் எல்லையைக் காட்டும் முதல் தடயமும் இருந்தது. அதை அறியாமலேயே 1894ன் முதல் நாளில், 36 வயதில் ஹெர்ட்ஸ் மறைந்தார்.

1888ல் ஹால்வாக்ஸ், எதிர்மின்னேற்றம் கொண்ட துத்தநாகத் தகடு புற ஊதா ஒளியில் தன் மின்னேற்றத்தை இழப்பதைக் காட்டினார். 1897ல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானை அடையாளம் கண்டபின், ஒளி பட்ட உலோகத்திலிருந்து வெளியேறுவது அதுவே என்பதும் தெளிவாயிற்று. 1902ல், முன்பு பான் நகரில் ஹெர்ட்ஸின் உதவியாளராக இருந்த பிலிப் லெனார்ட் அந்த எலக்ட்ரான்களின் ஆற்றலை அளந்தார். விடை அனைவரையும் திகைக்க வைத்தது.

ஒளி அலையென்றால் நாம் என்ன எதிர்பார்ப்போம்? பெரிய அலை கரையிலுள்ள கல்லை அதிக விசையோடு உருட்ட வேண்டும். அதாவது ஒளியின் செறிவைக் கூட்டினால் எலக்ட்ரான்கள் அதிக வேகத்தோடு வெளிவர வேண்டும். வரவில்லை. செறிவு கூடியபோது எலக்ட்ரான்களின் எண்ணிக்கை மட்டும் கூடியது. அவற்றின் பெரும வேகம் மாறவே இல்லை. லெனார்ட் இதற்குச் சொன்ன விளக்கம் அறிவுக்குகந்தது. எலக்ட்ரான்கள் அணுவுக்குள் ஏற்கெனவே வேகத்தோடுதான் இருக்கின்றன, ஒளி அவற்றை விடுவிக்க மட்டும் செய்கிறது என்றார் அவர். மதகைத் திறப்பவன் நீரின் விசையை உண்டாக்குவதில்லை அல்லவா?

மூன்று ஆண்டுகள் கழித்து, பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் மூன்றாம் நிலைத் தொழில்நுட்ப அலுவலராகப் பணியாற்றிக்கொண்டிருந்த 26 வயது ஐன்ஸ்டைன் வேறொரு விளக்கம் தந்தார். 1900ல் பிளாங்க், வெப்பக் கதிர்வீச்சை விளக்கும்பொருட்டு ஆற்றலைச் சிறு சிறு கூறுகளாகக் கணக்கிட்டிருந்தார். பிளாங்குக்கு அது பெரும்பாலும் ஒரு கணித உத்தி. ஐன்ஸ்டைன் அதை இயற்கையின் இயல்பாகவே எடுத்துக்கொண்டார். ஒளி வெற்றிடத்தில் பயணம் செய்யும்போதும் பிரிக்கமுடியாத ஆற்றல்துளிகளாகவே செல்கிறது. ஒரு துளியின் ஆற்றல் ஒளியின் அதிர்வெண்ணைப் பொறுத்தது. உலோகத்தில் ஓர் எலக்ட்ரான் ஒரு துளியை முழுதாக விழுங்குகிறது. அதில் ஒரு பகுதியை உலோகத்தை விட்டு வெளியேறச் செலவிட்டு, மீதியோடு பறந்து செல்கிறது.

இதிலிருந்து ஒரு கணிப்பு கிடைத்தது. ஒளியின் அதிர்வெண்ணை ஓர் அச்சிலும், வெளிவரும் எலக்ட்ரான்களைத் தடுத்து நிறுத்தத் தேவையான மின்னழுத்தத்தை மற்றோர் அச்சிலும் குறித்தால் நேர்கோடு கிடைக்க வேண்டும். எந்த உலோகமானாலும் அக்கோட்டின் சாய்வு ஒன்றாகவே இருக்க வேண்டும். அந்தச் சாய்வில் பிளாங்கின் மாறிலி ஒளிந்திருக்க வேண்டும். 1905ல் இதைச் சரிபார்க்கும் அளவீடு எவரிடமும் இல்லை.

நம்பியவர்களும் ஏறக்குறைய இல்லை. 1913ல் பிளாங்கும் வேறு மூன்று பேராசிரியர்களும் ஐன்ஸ்டைனை பிரஷ்ய அறிவியல் கழகத்துக்குப் பரிந்துரைத்தபோது, ஒளித்துளிக் கருதுகோளைப் போல அவர் சில சமயம் இலக்குத் தவறியிருக்கலாம், அதை அவருக்கு எதிராகக் கொள்ள வேண்டாம் என்று பெருந்தன்மையோடு எழுதினார்கள். ஒரு மேதையின் இளமைப் பிழையாகவே அது கருதப்பட்டது. ஐன்ஸ்டைனோ 1909லேயே சால்ஸ்பர்க் உரையில், அலையும் துகளும் ஒன்றில் ஒன்று கலந்த ஒரு கோட்பாடே இனி வரும் என்று சொல்லிவிட்டிருந்தார்.

இப்போது சிகாகோவுக்கு வருவோம். எண்ணெய்த் துளிச் சோதனையால் எலக்ட்ரானின் மின்னேற்றத்தை அளந்து புகழ்பெற்றிருந்த ராபர்ட் மில்லிகன், 1912 முதல் 1915 வரை இந்த நேர்கோட்டைத் தேடுவதில் இறங்கினார். அது தவறு என்று காட்டிவிட முடியும் என்பதே அவர் எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பில் வியப்பில்லை. யங், ஃபிரெனெல் காலந்தொட்டு ஒரு நூற்றாண்டாக, ஒளிக்கதிர்கள் ஒன்றோடொன்று கலந்து இருளும் வெளிச்சமுமாக வரிகளிடும் குறுக்கீட்டு விளைவு அலைக் கொள்கையை அசைக்கமுடியாததாக ஆக்கியிருந்தது. மில்லிகனின் துறைத் தலைவரோ, அக்குறுக்கீட்டைக் கொண்டே தம் வாழ்நாள் அளவீடுகளைச் செய்த மைக்கேல்சன்.

சோதனையின் முதன்மையான இடர் உலோகத்தின் மேற்பரப்பு. சோடியம், பொட்டாசியம், லித்தியம் ஆகியவை சாதாரண ஒளிக்கும் எலக்ட்ரான்களை வெளிவிடக்கூடியவை. ஆனால் காற்றுப் பட்டதும் கணத்தில் மங்கிவிடுபவை. மங்கிய பரப்பில் எடுக்கும் அளவீட்டுக்குப் பொருளில்லை. மில்லிகன் காற்று நீக்கிய கண்ணாடிக் கலத்துக்குள் ஒரு சிறு பட்டறையையே அமைத்தார். மூன்று உலோகங்களும் ஒரு சக்கரத்தில் பொருத்தப்பட்டன. உள்ளே ஒரு கத்தி. வெளியிலிருந்து மின்காந்தத்தால் அதை இயக்கி உலோகத்தைச் சீவுவார்கள். புதுப்பரப்பு மின்னும்போதே சக்கரத்தைத் திருப்பி, பாதரச விளக்கிலிருந்து பிரித்தெடுத்த ஒற்றைநிற ஒளியை அதன்மேல் விழச் செய்வார்கள். பிறகு எலக்ட்ரான்களுக்கு எதிராக மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, மின்னோட்டம் முற்றாக நிற்கும் புள்ளியைக் குறிப்பார்கள். அடுத்த நிறத்துக்கு மீண்டும் அதே வேலை.

கிடைத்தது நேர்கோடுதான். அதன் சாய்வையும், தாமே முன்பு அளந்திருந்த எலக்ட்ரானின் மின்னேற்றத்தையும் கொண்டு அவர் கணக்கிட்ட பிளாங்க் மாறிலி 6.57 × 10⁻²⁷ எர்க்-நொடி. இன்றைய மதிப்பான 6.626லிருந்து ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வேறுபாடு.

மில்லிகன் முன் இரண்டு எளிய வழிகள் இருந்தன. விடையில் ஐயம் கிளப்பி வெளியிடாமல் தள்ளிப்போடலாம். அல்லது மனம்மாறி ஐன்ஸ்டைனின் பக்கம் சேர்ந்துவிடலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. சமன்பாடு சரி, அதன் அடியிலுள்ள கருத்து தவறு, ஏன் இப்படி என்று தெரியவில்லை என்ற வசதியற்ற நிலையிலேயே நின்றார்.

நோபல் குழுவும் ஏறத்தாழ அங்கேதான் நின்றது. 1922 நவம்பரில் ஐன்ஸ்டைனுக்கு 1921ஆம் ஆண்டுக்கான பரிசு அறிவிக்கப்பட்டபோது, அது ஒளிமின் விளைவின் விதிக்காக என்றே சொல்லப்பட்டது, ஒளித்துளிக்காக அல்ல. அதே வேளையில் 1922ஆம் ஆண்டுப் பரிசைப் பெற்ற போர், தம் ஏற்புரையில் ஒளித்துளிக் கருத்தால் கதிர்வீச்சின் இயல்பை விளக்க இயலாது என்றார். 1923ல் காம்ப்டன், கேரம் காய்கள் மோதிச் சிதறுவதுபோல எக்ஸ் கதிர்கள் எலக்ட்ரானோடு மோதித் தம் ஆற்றலையும் உந்தத்தையும் பங்கிடுகின்றன என்று காட்டிய பிறகே பெரும்பாலோர் மனம் மாறத் தொடங்கினர். 1924 மே மாதம் தம் நோபல் உரையை ஆற்றியபோதும் மில்லிகன், சமன்பாடு நிலைபெற்றுவிட்டது, ஆனால் ஓரிடத்தில் குவிந்த ஒளித்துளி என்ற கருத்து இன்னும் நிறுவப்படவில்லை என்றே பேசினார்.

அந்த ஆண்டிலேயே பாரிஸில் லூயி டி பிராய் என்ற ஆய்வு மாணவர் கேள்வியைத் தலைகீழாக்கினார். அலையென நாம் நம்பியது துகளாகவும் நடக்குமென்றால், துகளென நாம் நம்பியது ஏன் அலையாக நடக்கக்கூடாது? 1927ல் நியூயார்க்கில் டேவிசனும் ஜெர்மரும், அபெர்டீனில் ஜி. பி. தாம்சனும் எலக்ட்ரான்கள் படிகங்களில் பட்டு அலைகளைப் போலவே விளிம்பு வளைவு கொள்வதைக் கண்டார்கள். எலக்ட்ரானைத் துகளாக அடையாளம் கண்ட ஜே. ஜே. தாம்சனின் மகன்தான் ஜி. பி. தாம்சன். அதே எலக்ட்ரானை அலையாகக் காட்டியதற்காக மகன் 1937ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது தந்தை உயிரோடிருந்தார். ஒரு குடும்பத்தின் இரு தலைமுறைகளும் சரியாகவே சொல்லியிருந்தன.

இங்கே லெனார்டையும் நினைக்க வேண்டியிருக்கிறது. ஐன்ஸ்டைனின் கட்டுரைக்கு அடித்தளமே அவரது அளவீடுகள்தான். பின்னாளில் அவர் ஐன்ஸ்டைனின் மிகக் கடுமையான எதிரியானார். ஹிட்லரை 1924லேயே ஆதரித்து எழுதினார். 1930களில் ‘ஜெர்மானிய இயற்பியல்’ என்ற பெயரில் இனத்தின் அடிப்படையில் அறிவியலைப் பிரித்தார். அவருடைய ஆசானான ஹெர்ட்ஸின் தந்தைவழி யூத வேர் கொண்டது. ஹெர்ட்ஸின் மனைவியும் மகள்களும் அந்த ஆண்டுகளில் நாட்டை விட்டு இங்கிலாந்துக்குச் செல்ல நேர்ந்தது. மில்லிகனும் ஐன்ஸ்டைனின் கருத்தை ஏற்காதவரே. ஆனால் அவரது மறுப்பு கருத்தின் மீது மட்டும் இருந்தது. தன் கருவி காட்டிய எண்ணின் மீது அது கை வைக்கவில்லை.

இத்தோடு முடித்திருந்தால் இது ஒரு நீதிக்கதையாக இருந்திருக்கும். 1950ல் மில்லிகனின் தன்வரலாறு வெளியானது. அதில் அவர், தம் சோதனை எலக்ட்ரானுக்கு ஒளி நேரடியாகத் துளியாகவே ஆற்றலைக் கொடுக்கிறது என்பதை மறுக்கமுடியாதபடி காட்டியதென்றும், ஐன்ஸ்டைனின் விளக்கத்தைத் தவிர வேறொன்றுக்கு ஏறக்குறைய இடமே இல்லையென்று அன்றே தாம் எண்ணியதாகவும் எழுதினார். 1916ன் ஐயம் மறைந்துவிட்டது. அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. வெற்றிபெற்ற கருத்தோடு நம் நினைவு மெல்ல மெல்லச் சமாதானம் செய்துகொள்கிறது. முதுமையில் நம்மில் யார்தான் இளமையில் சரியான பக்கத்தில் நிற்கவில்லை! எண்ணெய்த் துளிச் சோதனையில் எல்லாத் துளிகளையும் கணக்கில் கொண்டதாக அவர் எழுதியதும், அவரது குறிப்பேடுகள் வேறுவிதமாகச் சொல்வதும் பின்னாளில் வெளிவந்த செய்திகள். அவர் புனிதர் அல்லர்.

இதில் இன்னொரு திருப்பமும் உண்டு. 1969ல் லாம்ப், ஸ்கல்லி ஆகிய இயற்பியலாளர்கள், ஒளியை அலையாகவே வைத்துக்கொண்டு, உலோகத்துக்கு மட்டும் குவாண்டம் விதிகளைப் பொருத்தினாலே ஐன்ஸ்டைனின் சமன்பாடு கிடைத்துவிடும் என்று காட்டினார்கள். அதாவது மில்லிகனின் நேர்கோடு மட்டும் ஒளித்துளியைக் கட்டாயப்படுத்துவதில்லை. ஒற்றை அணுக்கள் உமிழும் ஒளியில் துளிகள் ஒன்றையொன்று விலக்கி ஒவ்வொன்றாக வருவதை 1977ல் கிம்பிள், டகெனாய்ஸ், மாண்டல் ஆகியோர் அளந்தபோதுதான், அலைக் கொள்கையால் விளக்கவே முடியாத சான்று கையில் கிடைத்தது. ஆக, சமன்பாட்டையும் கருத்தையும் 1916ல் தனித்தனியே நிறுத்திய மில்லிகன் தர்க்கத்தில் பிழைசெய்யவில்லை. ஒளியைப் பற்றிய அவர் கணிப்பு தவறாயிற்று. தம் சான்று எவ்வளவு தூரம் செல்லும் என்பதை மட்டும் அன்று அவர் சரியாகவே அறிந்திருந்தார். 1950ல் அந்தத் தூரத்தை அவரே நீட்டிவிட்டார்.

1951 டிசம்பரில், 72 வயது ஐன்ஸ்டைன் தம் பழைய நண்பர் பெஸ்ஸோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஐம்பது ஆண்டுகள் சிந்தித்தும், ஒளித்துளி என்றால் என்ன என்ற கேள்வியின் விடையை நெருங்கவில்லை என்று அதில் குறிப்பிட்டார். வென்ற கருத்துக்கு உரியவர் அப்போதும் ஐயத்தோடிருந்தார். அதை எதிர்த்தவரோ, எப்போதோ நம்பியதாக எழுதி முடித்திருந்தார்.

மில்லிகனின் 1916ஆம் ஆண்டுக் கட்டுரை இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. தன்வரலாற்றை விட அதைத்தான் நான் நம்புவேன்.