முடியின் விருப்பமும் ஆசிரியர் பதவியும்

பாலாவிச் சந்தியிற் பிரிந்து, புத்தளக் களப்புக்கும் கடலுக்கும் இடையே கற்பிட்டிவரை ஓடும் தெரு தென்னையும் மணலும் சூழ்ந்தது. அத்தெருவோரத்துப் பாடசாலை ஒன்றின் ஆசிரியருக்குக் குற்றப்பத்திரிகை வருமாயின், அச்செய்தி அன்று மாலைக்குள்ளே ஊரெங்கும் பரவிவிடும். கடிதம் எழுதுவதும், ஊரிலே கருத்துரைப்பதும், கந்தோரிலே மந்திராலோசனை செய்வதும் ஆசிரியரே ஆகிய இக்கரையில், அவர் பதவி இழப்பது ஒரு குடும்பத்தின் துயரோடு முடிவதில்லை. அவர் எங்கே சென்று முறையிடலாம்? கற்பிட்டியில் 1807-ஆம் ஆண்டு பிறந்த சைமன் காசிச்செட்டி சிலாபத்தில் நீதிபதி ஆசனத்தில் அமர்ந்தவர். நீதிமன்றம் என்பது இக்கரைக்குப் புதியதன்று. ஆயினும் அரசாங்க ஊழியரின் முறையீட்டுக்கு அதன் கதவு எளிதில் திறந்ததில்லை.

1960-ஆம் ஆண்டுக்கு முன்னர் இக்கரைப் பாடசாலைகள் பலவும் உதவி நன்கொடை பெற்றவை. சிலாபம் முதல் நீர்கொழும்புவரை கத்தோலிக்கப் பாடசாலைகள் மிகுதி. அரசாங்கம் பணம் உதவிற்று. ஆசிரியரை நியமித்தவர் முகாமையாளர். அவருடைய மனம் மாறினால் ஆசிரியரின் நிலையும் மாறக்கூடும். 1960-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கச் சட்டம் அப்பாடசாலைகளின் முகாமையை வித்தியாதிபதியிடம் ஒப்படைத்தது. 1961-ஆம் ஆண்டின் 8-ஆம் இலக்கச் சட்டம் சொத்துக்களையும் அரசுடைமையாக்கிற்று. மேற்குக் கரையின் கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுள் புகுந்து தங்கி எதிர்ப்புக் காட்டியமை வரலாற்றில் நன்கு பதிந்துள்ளது. ஆசிரியர் நிலையில் நேர்ந்த மாற்றமோ அவ்வளவு பேசப்படவில்லை. முகாமையாளரின் கையிலிருந்தவர் காலப்போக்கில் அரசாங்கத்தின் ஊழியரானார். ஒரு தலைவர் போய் மற்றொரு தலைவர் வந்தார் என்றே அக்காலத்தவர் பலர் எண்ணியிருத்தல் கூடும்.

புதிய தலைவரின் உரிமை சோல்பரி அரசியலமைப்பின் 57-ஆம் பிரிவிலே கிடந்தது. முடியின் கீழ் உத்தியோகம் வகிப்போர் யாவரும் முடியின் விருப்புள்ளவரை மட்டுமே அதனை வகிப்பர் என்பது அதன் கருத்து. நியமனம், இடமாற்றம், பதவிநீக்கம், ஒழுக்காற்று என்பன பகிரங்க சேவை ஆணைக்குழுவுக்குரியன. அவ்வாணைக்குழு தன் அதிகாரத்தை உத்தியோகத்தர் ஒருவருக்குக் கையளிக்கவும் கூடும். விசாரணை நடத்தவேண்டும் என விதிகள் கூறின. அவ்விதிகள் மீறப்பட்டால் நீதிமன்றம் தலையிடுமா என்பதே வினா.

அவ்வினா கூர்மை பெற்றது ஒரு பல்கலைக்கழக ஆசிரியரின் வழக்கில். வித்தியோதயப் பல்கலைக்கழகத்தில் பொருளியல், வணிக நிருவாகத் துறைக்குத் தலைவராயிருந்த லைனஸ் சில்வாவை அதன் பேரவை 1961-ஆம் ஆண்டு நீக்கிற்று. குற்றம் இன்னது என்று அவருக்குக் கூறப்படவில்லை. அவர் சொல் கேட்கப்படவுமில்லை. உயர் நீதிமன்றம் உறுதிகேள் எழுத்தாணை வழங்கி அந்நீக்கத்தை அழித்தது. பேரவை இலண்டனிலிருந்த கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்தது. 1964-இல் கோமறைக் கழகம் தீர்ப்பை மாற்றிற்று. இது எசமானனுக்கும் பணியாளனுக்கும் இடைப்பட்ட சாதாரண ஒப்பந்தம். ஒப்பந்தம் மீறப்பட்டால் நட்டஈடு கோரலாம், எழுத்தாணைக்கு இடமில்லை என்பது அதன் முடிவு. சட்டத்தினால் உருவாகிய பதவியை வீட்டு வேலையாளின் பணியோடு ஒப்பவைத்தமை பொருந்தாத ஒப்புமையே.

அப்பொருந்தாமையை இங்கிலாந்தின் நீதிபதிகளே பின்னர் உணர்ந்தனர். 1963-இலேயே பிரைட்டன் நகரப் பொலிஸ் தலைவர் ரிட்ஜின் வழக்கில், குற்றஞ்சாட்டப்பட்டவரைக் கேளாமல் நீக்குதல் செல்லாது எனப் பிரபுக்கள் சபை கூறியிருந்தது. 1971-இல் ஸ்கொத்லாந்தின் அபர்டீன் நகரில் ஆசிரியர் மலோக்கின் வழக்கு அச்சபைக்கு வந்தது. அவர் ஆசிரியர் பதிவேட்டில் தம்மைப் பதிவுசெய்ய மறுத்தமையால் நீக்கப்பட்டவர். கல்வி அதிகாரசபையின் விருப்புள்ளவரை பதவி வகிப்பவர். ஆயினும் விருப்பம் என்ற சொல் செவிமடுக்கும் கடமையைப் போக்காது என்று சபை தீர்ப்பளித்தது. வித்தியோதயத் தீர்ப்பைப் பின்பற்ற வில்பர்போஸ் பிரபு தயங்கினார். இலங்கை வழக்கொன்றினால் எழுந்த குறையை ஸ்கொத்லாந்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் திருத்தினார் எனலாம். ஆனால் அத்திருத்தம் வந்த ஆண்டிலேயே கோமறைக் கழகத்துக்கு மேன்முறையிடும் உரிமை இலங்கையில் ஒழிந்தது.

அதற்குச் சற்று முன், 1969 திசம்பரில், எழுதுவினைஞர் கோடீஸ்வரனின் வழக்கில் அரசாங்க ஊழியர் தம் சம்பளத்துக்காக முடிமீது வழக்குத் தொடரலாம் என்று அக்கழகம் கூறியிருந்தது. சிங்களப் பரீட்சையில் தேறாமையால் அவருடைய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அரச கரும மொழிச் சட்டம் அரசியலமைப்புக்கு ஏற்றதா என்ற மூல வினா இலங்கை நீதிமன்றத்துக்குத் திருப்பியனுப்பப்பட்டது. அதற்கு விடை கிடைக்கவில்லை. 1972-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு பகிரங்க சேவை ஆணைக்குழுவை ஒழித்து, அரச ஊழியர்பற்றிய அமைச்சரவைத் தீர்மானங்களை எந்த நீதிமன்றமும் வினவலாகாது எனக் கதவை அடைத்தது.

1978-ஆம் ஆண்டின் யாப்பு அக்கதவில் ஒரு சாளரம் வைத்தது. சமத்துவ உரிமை மீறப்பட்டவர் 126-ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் செய்யவேண்டும். கடிதம் கிடைத்து, அதிபரிடம் கேட்டு, சங்கத்தாரைக் கண்டு, புத்தளத்திலிருந்து ஏறக்குறைய 130 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்பில் வழக்கறிஞரைத் தேடுவதற்குள் மாதத்தின் பாதி கழிந்துவிடும்.

1987-ஆம் ஆண்டின் 13-ஆம் திருத்தம் இன்னொரு பிரிவினையை உண்டாக்கிற்று. தேசிய பாடசாலை ஆசிரியர் மத்திய அரசுக்கு உரியவர். மாகாணப் பாடசாலை ஆசிரியர் குருநாகலிலுள்ள வடமேல் மாகாண நிருவாகத்துக்கு உரியவர். மாகாண பொதுச் சேவை ஆணைக்குழு நீக்கியவரை மாகாண ஆளுநர் மீள அமர்த்தலாம். மாகாண விடயங்களில் எழுத்தாணை வழங்க மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் அதிகாரம் கிடைத்தது. 2001-இல் வந்த 17-ஆம் திருத்தமோ மத்திய ஆணைக்குழுவின் தீர்மானங்களை நிருவாக மேன்முறையீட்டு நியாயசபைக்கும் உயர் நீதிமன்றத்தின் அடிப்படை உரிமை விசாரணைக்கும் மட்டுமே விட்டுவைத்தது. ஒரே தெருவிலுள்ள இரு பாடசாலைகளின் ஆசிரியர் இருவர் ஒரே குற்றச்சாட்டுக்கு ஆளானாலும், அவர்கள் கொண்டுசெல்லும் மனு ஒன்றன்று. ஏறும் படியும் ஒன்றன்று. ஆதலின் வழக்கறிஞர் குற்றப்பத்திரிகையைப் படிக்குமுன் கேட்கும் முதற் கேள்வி, நியமனக் கடிதத்திற் கையொப்பமிட்டவர் யார் என்பதே.