கவிதைக்கு 18 சாட்சிகள்

ஒரு புத்தகம் வெளிவர என்ன வேண்டும்? எழுத ஆள், அச்சடிக்கக் காசு. அவ்வளவுதானே என்பீர்கள். ஃபிலிஸ் வீட்லிக்கு இன்னொன்றும் தேவைப்பட்டது. ‘இதை இவள்தான் எழுதினாள்’ என்று 18 பெரிய மனிதர்களின் கையெழுத்து!

1761. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றிக்கொண்டு ‘ஃபிலிஸ்’ என்ற கப்பல், அன்று பிரிட்டிஷாரிடம் இருந்த பாஸ்டன் நகருக்கு வந்தது. அதில் வந்த ஒரு நோஞ்சான் சிறுமியை ஜான் வீட்லி என்பவர் தன் மனைவிக்குப் பணிவிடை செய்ய வாங்கினார். வயது? யாருக்குத் தெரியும்! முன்பற்கள் விழுந்திருந்ததால் ‘ஏழெட்டு இருக்கும்’ என்று கணக்குப் போட்டார்கள். பெயர்? கப்பலின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

வந்தபோது ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. பதினாறே மாதத்தில் பைபிளின் கடினமான பகுதிகளையும் படித்தாள் என்று எஜமானரே எழுதியிருக்கிறார். அடுத்து லத்தீன். 1767-ல் முதல் கவிதை பத்திரிகையில் வந்தபோது வயது பதினான்கு இருந்தால் அதிகம்.

1772-ல் புத்தகம் போட பாஸ்டனில் சந்தா திரட்டிப் பார்த்தார்கள். ஊஹூம், தேறவில்லை. லண்டன் பதிப்பாளர் ஒருவர் முன்வந்தார். ஆனால், அடிமைப் பெண்ணாவது, கவிதையாவது என்பார்களே? அதற்குத்தான் அந்தச் சான்றிதழ். கவர்னர் ஹட்சின்சன் முதல், பிற்பாடு அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் பெரிதாகக் கையெழுத்துப் போட்ட ஜான் ஹான்காக் வரை சாட்சி சொன்னார்கள். 1773-ல் புத்தகம் வந்தது. ஆப்பிரிக்க அமெரிக்கர் ஒருவரின் முதல் கவிதைத் தொகுப்பு! அதே வருடம் விடுதலையும் கிடைத்தது.

அப்புறமாவது நிம்மதியா? அந்தப் பிரகடனத்தை எழுதிய ஜெஃபர்சனே, இதெல்லாம் விமர்சனத்துக்குக்கூட லாயக்கில்லை என்று ஒதுக்கித் தள்ளினார். 1779-ல் 33 கவிதைகளோடு அடுத்த புத்தகத்துக்கு விளம்பரம் கொடுத்தார் ஃபிலிஸ். யுத்த காலம். யார் வாங்குவார்கள்? கல்யாணம், வறுமை, நோய்... எதிலும் எழுத்தை மட்டும் விடவில்லை. 1784-லும் கவிதை அச்சேறியது. அந்த டிசம்பரில் இறந்தபோது வயது சுமார் 31.

அந்த இரண்டாவது புத்தகத்தின் கையெழுத்துப் பிரதி இன்றுவரை கிடைக்கவில்லை. நமக்கு மிஞ்சியது பெரும்பாலும் விளம்பரத்தில் இருந்த தலைப்புகள்தான்.