ஸுபைதாவின் பாதை

கூபாவிலிருந்து மக்கா வரை ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் பழைய ஹஜ்ஜுப் பாதையைத் 'தர்பு ஸுபைதா' என வரலாறு அழைக்கிறது. பாதையைத் தொடங்கி வைத்தவர் ஸுபைதா அம்மையார் அல்லர். ஹிஜ்ரி 134-லேயே அப்பாஸியரின் முதல் கலீபா ஸப்பாஹ் இவ்வழியில் மைல் கற்களை நாட்டச் செய்தார். ஹிஜ்ரி 161-ல், அம்மையாரின் மாமனாரான கலீபா மஹ்தீ, தங்கல் மனைகளைப் பெரிதாக்கவும், கிணறுகள் வெட்டவும், நீர்த்தேக்கங்கள் கட்டவும் ஆணையிட்டார். யக்தீன் இப்னு மூஸா என்பவர் அப்பணியைப் பத்தாண்டுகள் மேற்பார்த்ததாகத் தபரீ எழுதுகிறார். ஆயினும் யக்தீனை இன்று நினைப்பார் யார்?

பாதை என்றால் கல்லும் மண்ணும் என்றே நாம் எண்ணுகிறோம். மணற்பாங்கான இடங்களில் தளம் பாவியதும், கற்காடுகளில் கல்லகற்றி இருமருங்கும் அடுக்கியதும் உண்மையே. ஆனால் பாலையில் பாதை என்பது நீர்தான். ஒரு நாள் நடைக்கு ஒன்றாகப் பெருந்தங்கல்கள் 27. அவற்றினிடையே சிறு தங்கல்கள். அவற்றை ஒட்டி 'பிர்கா' எனும் தொட்டிகள். சில வட்டமானவை, சில சதுரமானவை. மழை வெள்ளத்தை அணையிட்டுத் திருப்பி, சில இடங்களில் முதலில் ஒரு சிறு தொட்டியில் வண்டல் படியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் பெருந்தொட்டிக்கு அனுப்பினர். உள்ளே சுண்ணச் சாந்துப் பூச்சு, இறங்கப் படிகள். ஏரியும் மதகும் கண்டு பழகிய நம்மவர்க்கு இது எளிதில் விளங்கும். ஆண்டில் சில நாள் மட்டுமே மழை காணும் மண்ணில் இதைச் செய்தார்கள் என்பதே வியப்பு.

மன்னர்கள் அரசுக் கருவூலத்திலிருந்து கொடுத்தனர். ஸுபைதா அம்மையார் தம் கைப்பொருளைக் கொடுத்தார். மக்காவுக்கு நீர் கொணர்ந்த வாய்க்காலும் அவர் பெயரையே தாங்கிற்று. கணவர் ஹாரூன் ரஷீத் மறைந்து, மகன் அமீனும் ஹிஜ்ரி 198-ல் கொல்லப்பட்ட பின்னரும் வாழ்ந்து, ஹிஜ்ரி 216-ல் (கி.பி. 831) மறைந்தார்.

அவர் மறைந்து மூன்றரை நூற்றாண்டு கழித்து, 1184-ல் இவ்வழியே ஈராக் சென்ற அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர், இத்தொட்டிகள் இல்லையேல் இப்பாதையில் எவரும் நடந்திரார் என்று அம்மையாரை வாழ்த்துகிறார். பாதி வழியிலிருந்த ஃபைத் எனும் கோட்டையூரில் ஹாஜிகள் தம் உணவுப்பொருளில் ஒரு பகுதியை ஊராரிடம் ஒப்படைத்துவிட்டு, திரும்பும்போது பெற்றுக்கொண்டனராம். அந்த நம்பிக்கையைக் குறித்த அவரே, ஸஃலபிய்யாவில் தண்ணீருக்கு முண்டிய நெரிசலில் மனிதர் மிதிபட்டு மாண்டதையும் எழுதுகிறார். அறக்கொடை பெரிதுதான், தாகம் அதனினும் பெரிதாயிருந்தது.

கட்டியதோடு வேலை தீரவில்லை. தொட்டியில் மணல் சேரும், சாந்து வெடிக்கும், காவல் தளர்ந்தால் கொள்ளையர் வருவர். கராமித்தாக் கூட்டத்தார் பத்தாம் நூற்றாண்டில் ஹஜ்ஜுக் கூட்டங்களை வெட்டிச் சாய்த்தபோது, பாதை ஆண்டுக்கணக்கில் வெறிச்சோடியது. அபூதர் (ரலி) அவர்கள் மண்ணுள் உறங்கும் ரபதா நகரும் அக்காலத்தில்தான் பாழாயிற்று. 1258-ல் மங்கோலியர் பகுதாதை வீழ்த்தியபின் பழைய பொலிவு திரும்பவில்லை. எனினும் 1326-ல் இப்னு பதூதா இதே வழியில் சென்றிருக்கிறார். தொட்டிகள் அப்போதும் தாகம் தீர்த்தன.

நம் முன்னோர் கப்பலேறி ஜித்தாவில் இறங்கியவர்கள். அவர்களுக்கு இப்பாதை பெயரளவில் மட்டுமே தெரியும். 1979 முதல் ரபதாவில் ஸவூத் மன்னர் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்து வீடுகளையும் பள்ளிவாசலையும் தொட்டிகளையும் வெளிக்கொணர்ந்தனர். பிற இடங்களில் சில தொட்டிகளில் இன்றும் மழைக்குப் பின் நீர் நிற்கிறது. ஆடுகளும் ஒட்டகங்களும் வந்து குடித்துச் செல்கின்றன.