பூந்தோட்டமும் ஒட்டுப்போர்வையும்

பூவைக் காண்பது ஒரு மகிழ்ச்சி. கண்டதைக் காத்துவைப்பது மற்றொரு மகிழ்ச்சி. ஓவியர் அதனைத் தாளில் காக்கிறார். தாவரவியலார் உலர்த்தி ஒட்டிப் பெயரெழுதிக் காக்கிறார். தையலறிந்த பெண் துணியில் காக்கிறாள். முதல் இருவரின் உழைப்பு வரலாற்றில் இடம்பெற்றது. மூன்றாமவளின் உழைப்போ பெரும்பாலும் வீட்டுப் பொருளாகவே தேய்ந்து மறைந்தது. இவ்வேறுபாட்டைச் சிறிது எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செண்பகப் பூவைத் தன் பெயரிலேயே சூடியுள்ள செண்பகனூர், கொடைக்கானலை அடுத்துப் பழனி மலையில் அமைந்துள்ளது. சேசு சபையார் 1895இல் இங்கே திருஇருதயக் கல்லூரியை நிறுவினர். அதனைச் சார்ந்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஒன்றும் வளர்ந்தது. பிரெஞ்சு நாட்டினரான அருட்தந்தை ஆங்லேடு இம்மலையின் செடிகொடிகளை நீர்வண்ணத்தில் நூற்றுக்கணக்கில் தீட்டினார். நியூட்டன் என்பாருடன் அவர் எழுதிய பழனி மலைக் கற்திட்டைகள் பற்றிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. பின்வந்த அருட்தந்தை கே. எம். மேத்யூ, கொடைக்கானலில் வளரும் அயல்நாட்டுத் தாவரங்களைப் பற்றி 1969இலும், பழனி மலைத் தாவரங்கள் அனைத்தையும் பற்றி 1999இலும் நூல்கள் வெளியிட்டார். பூவுக்கும் பெயர் உண்டு, தீட்டியவர்க்கும் தொகுத்தவர்க்கும் பெயர் உண்டு என்பதே இம்மரபின் சிறப்பாகும்.

அயல்நாட்டுத் தாவரங்களுக்கெனத் தனி நூலே வேண்டியிருந்தது வியப்பன்று. மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மறைப்பணியாளர் 1845இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டிய பின்னர், மலைத் தோட்டங்களில் பலநாட்டுச் செடிகள் குடியேறின. டாலியாவின் தாயகம் மெக்சிக்கோ. ஹைட்ராஞ்சியா சப்பானிலிருந்து பரவியது. வெண்ணிற ஆரம் லில்லி தென்னாப்பிரிக்காவினது. வெவ்வேறு மண்ணின் துண்டுகளை அருகருகே வைத்து இணைத்த தோட்டம், தானே ஓர் ஒட்டுப்போர்வை எனலாம்.

ஒட்டுப்போர்வை என்று இங்கே குறிப்பது ஆங்கிலத்தில் கில்ட் எனப்படுவதை. மேல்துணி, நடுவே பஞ்சு அல்லது பழந்துணி, கீழே அடித்துணி என மூன்றடுக்காக வைத்து, மூன்றையும் ஊடுருவிச் செல்லும் சிறு தையலால் பிணைப்பது அதன் முறை. கொடைக்கானலில் முதல் வீடுகள் எழுந்த அதே 1840களில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரப் பெண்கள் மலர்வளையங்களையும் பூக்கூடைகளையும் வண்ணத் துணியில் வெட்டி ஒட்டித் தைத்த போர்வைகள் புகழ்பெற்றன. ஒவ்வொரு கட்டமும் ஒரு தனிப் பூ. பல கட்டங்களில் மையால் எழுதிய பெயரும் காணப்படுகிறது. இன்று அப்பெயர்களே ஆய்வாளர்க்குச் சான்றாகின்றன.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்புமை உண்டு. வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, அச்சேலைகளின் கரையிலிருந்தே உருவிய நூலால் காந்தா என்னும் போர்வைகளைத் தைத்தனர். நடுவே விரிந்த தாமரையும், நான்கு மூலைகளில் மரமோ மாங்காய் வடிவமோ அமைப்பது அவற்றில் பரவலான வழக்கம். குருசதய் தத் திரட்டிய தொகுப்பில், 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மானதாசுந்தரி என்னும் பெண் தம் தந்தைக்காகத் தைத்த காந்தா ஒன்று உள்ளது. அதில் தம் பெயரையும் அவர் ஊசியாலேயே பொறித்துள்ளார். அத்துணியில்லையேல் அப்பெண்ணை நாம் அறிந்திருக்கமாட்டோம்.

காந்தாவும் நம் கந்தையும் ஒரே வடமொழிச் சொல்லிலிருந்து பிறந்தவை. அங்கே அச்சொல் கலையைக் குறிக்க, இங்கே கிழிந்த துணியையே குறித்து நின்றது. எனினும் ஒட்டுத்தையல் நமக்குப் புதிதன்று. தேர்த்திருவிழாவில் தேரைச் சுற்றித் தொங்கும் தொம்பைகளைக் கண்டவர், வண்ணத்துணியை வெட்டி இணைக்கும் தமிழ்க்கையின் திறத்தை அறிவர். பாட்டியின் பழஞ்சேலைகளை மடித்துத் தைத்துத் தொட்டிலில் விரித்த வீடுகளும் நம்மிடையே பல.

தோட்டமும் தையலும் ஒரே பொறுமையைக் கேட்பவை. எந்நிறத்தின் அருகே எந்நிறம் நின்றால் பொலியும் என்பதைப் பாத்தி கற்பிக்கிறது. இலையின் பச்சை ஒன்றன்று, பல என்பதைத் துணிதேடும் கண் விரைவில் உணர்கிறது. வாடும் மலரைக் கண்டு வருந்துபவர்க்கு, வாடாத மலரொன்றைத் தைத்து முடிப்பது ஆறுதலுமாகும். ஆயினும் துணியும் காலத்தால் மடிவதே. அதனுடன் செய்தவர் பெயரும் மடியவேண்டியதில்லை.

எழுத்தைப் போற்றும் நம் வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், அன்பர்கள் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பெட்டியிலுள்ள பழைய கைத்தையல் ஒன்றை எடுத்து நோக்குவாராக. தைத்தவர் யார், எவ்வாண்டு, எச்சேலையின் துண்டு, எந்தப் பூ என்பவற்றைச் சொல்லவல்ல முதியவர் இருக்கும்போதே கேட்டு, ஒரு தாளில் எழுதித் துணியோடு வைப்பாராக. உலர்ந்த செடிக்குத் தாவரவியலார் செய்யும் அச்சிறு மரியாதையை, ஊசிபிடித்த நம் அன்னையர்க்கும் செய்தல் கடமையன்றோ?