கட்டுமரம் முதல் விசைப்படகு வரை: கல அமைப்பும் கலப்பெயரும்

1. பெயரின் அடிப்படை

தமிழகக் கடற்கரையில் இன்று வழங்கும் மீன்பிடி கலப்பெயர்களுள் பொருள் வெளிப்படையாக விளங்குவனவற்றை மட்டும் நோக்கினாலும், அவை ஒரே அடிப்படையில் அமையவில்லை என்பது புலனாகும். கட்டுமரம் என்பது கலம் ஆக்கப்படும் முறையைச் சுட்டுகிறது. விசைப்படகு அதனை இயக்கும் ஆற்றலையும், இழுவைப்படகு தொழில்முறையையும், ஃபைபர் படகு மூலப்பொருளையும் சுட்டுகின்றன. கரையை விட்டு அகன்று மீன்பிடிக்க எவ்வமைப்புடைய கலம் ஏற்றது என்னும் வினாவுக்கு வெவ்வேறு காலங்களில் காணப்பட்ட விடைகளே இப்பெயர்களில் படிந்துள்ளன. ஆனால் பிற்காலப் பெயர்களில் கலத்தின் அமைப்பு இடம்பெறவில்லை.

2. கட்டுமரமும் அதன் வேற்றுநாட்டு வாழ்வும்

சோழமண்டலக் கரையின் பெரும்பகுதி திறந்த மணற்கரை. அலை உடையும் இடத்தைக் கடந்தே கடலுக்குள் செல்லவும் கரைசேரவும் வேண்டும். இலேசான மரத்தடிகளைக் கயிற்றால் பிணைத்து அமைக்கப்படும் கட்டுமரத்திற்கு உட்குழிவு இல்லை. மேலேறிய நீர் மரங்களின் இடைவழியே வடிந்துவிடும். கரைசேர்ந்தபின் கட்டவிழ்த்து உலர்த்தலாம். எனினும் பனிக்கட்டியில் மீனைக் காக்கவோ, ஆட்கள் பல நாள் தங்கவோ அதில் இடமில்லை. அதன் வலிமை, குறை இரண்டிற்கும் காரணம் ஒரே அமைப்புதான்.

வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் இச்சொல் ஆங்கில வடிவம் பெற்றுள்ளது. 1876இல் அமெரிக்கக் கலவடிவமைப்பாளர் நத்தானியேல் ஹெரஷாஃப் உருவாக்கிய அமரில்லிஸ் என்னும் இரட்டையுடல் பாய்க்கலம் கேட்டமரான் என்றே அறியப்பட்டது. இன்று கப்பற்பொறியியலில் அச்சொல் இரு உடல்களை ஒரு மேல்தளத்தால் இணைத்த கலத்தையே குறிக்கும். அதனைத் தமிழில் மீண்டும் கட்டுமரம் எனப் பெயர்ப்பது சொல்லின் பிறப்புக்கு நேர்மையாகலாம், பொருளுக்கு ஆகாது.

3. பொறியும் புதிய அமைப்பும்

1952இல் நார்வே, இந்தியா, ஐக்கிய நாடுகள் அவை ஆகியவற்றிடையே ஏற்பட்ட உடன்படிக்கையின் பயனாக, கொல்லத்தை அடுத்த நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில் இந்திய-நார்வே மீன்வளத் திட்டம் தொடங்கப்பெற்றது. உள்ளூர் வள்ளங்களிலேயே பொறி பொருத்துவது முதல் எண்ணம். குடைந்தெடுத்த வள்ளத்தின் உடல் அதற்கு ஏற்றதாக இல்லை. எனவே புதிய படகுகள் வடிவமைக்கப்பட்டன. அட்டமுடிக் காயலின் வாயில் அமைந்த நீண்டகரையில் அவற்றை நீரிலேயே நிறுத்தி வைக்க இயன்றது. திறந்த மணற்கரைக்கு இவ்வசதி இல்லை.

1960களில் இறால் ஏற்றுமதி வளர்ந்ததும் இழுவலை முதன்மை பெற்றது. இழுவலைக்கு வின்சும், வலையை விடவும் ஏற்றவும் தடையற்ற பின்தளமும் வேண்டும். ஆதலால் சுக்கான் அறை பெரும்பாலும் முன்னே அமைந்தது. செவுள்வலைக்கும் ஆயிரங்கால் தூண்டிலுக்கும் தேவை வேறு. அவை பெரும்பாலும் முன்புறத்திலோ பக்கத்திலோ ஏற்றப்படுவதால், சுக்கான் பிடிப்பவர் அவ்விடத்தைக் காணுமாறு அமைப்பு இருத்தல் வேண்டும். இருவகைக் கலங்களுக்கும் விசைப்படகு என்னும் ஒரே பெயர் வழங்கியது.

4. மணற்கரைக்குரிய விடை

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம் மணற்கரையில் ஏறக்கூடிய பொறிப்படகுகளை உருவாக்க முயன்றது. நீர் தானே வடியும் மூடிய மேல்தளமும், கரையை நெருங்கும்போது உயர்த்திக்கொள்ளத்தக்க சுழல்விசிறியும் இவற்றின் சிறப்புக் கூறுகள். கட்டுமரத்தின் நீர்வடியும் இயல்பு வேறு உருவில் இங்கு மீண்டது எனலாம். 2004 ஆழிப்பேரலைக்குப்பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. அவற்றுக்கும் மூலப்பொருளே பெயராயிற்று.

5. மொழிபெயர்ப்பின் பொறுப்பு

பாக் நீரிணைப் பகுதியின் இழுவைப்படகுகளுக்கு மாற்றாக ஆழ்கடல் சூரை மீன்பிடி படகுகளை வழங்கும் திட்டம் 2017இல் தொடங்கியது. தொடக்கத்தில் படகொன்றின் மதிப்பு 80 இலட்சம் ரூபாய். அரசு மானியம் போக எஞ்சியதைப் பயனாளியின் பங்கும் வங்கிக் கடனும் ஈடுசெய்தன. இழுவைப்படகில் பழகியவருக்கு இது படகின் மாற்றம் மட்டுமன்று. வலை, தளம், பயண நாள், கடன் அனைத்தும் மாறுகின்றன. ஒப்பமிடுமுன் அவர் படிக்கும் தமிழ்க் குறிப்பில் 'ஆழ்கடல் விசைப்படகு' என்று மட்டும் இருப்பின், அவர் அறிய வேண்டியது சொல்லப்படாமல் போகும்.

எனவே கலப்பெயரை மொழிபெயர்ப்போர் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் தேடுவதுடன் நிறைவடைதல் போதாது. உடல் ஒன்றா இரண்டா, மேல்தளம் உண்டா, சுக்கான் அறை எங்குள்ளது, வலை எப்பக்கம் ஏறும், மீனைக் காக்க இடம் எவ்வளவு என்னும் கூறுகளைப் பெயரோடு சேர்த்து விளக்குதல் வேண்டும். அணியம், சுக்கான் முதலான சொற்கள் கடற்கரை வழக்கில் உயிருடன் உள்ளன. அவற்றைக் கொண்டே இவ்விளக்கத்தை எழுத இயலும். கட்டுமரம் என்ற பெயர் தன் அமைப்பைத் தானே கூறிற்று. புதிய பெயர்கள் கூறாதவற்றை மொழிபெயர்ப்பாளரே கூற வேண்டியுள்ளது.